முள் இறங்குகிறது

வெள்ளிக்கிழமை மாலை பச்சைக் கோட்டில் நின்ற முள், சனிக்கிழமை காலை சிவப்பில் படுத்துக் கிடந்தது.

நின்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு மேலே, வீட்டைச் சூடாக்கும் பாய்லர். அதன் அடியில் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு அழுத்தமானி; உள்ளே தண்ணீர் குறைந்தால் முள் இறங்கும். நேற்று வந்ததும் வராததுமாக, கோட்டைக்கூடக் கழற்றாமல், அவள்தான் அதைப் பார்த்தாள். அப்போது எல்லாம் சரியாக இருந்தது. ராத்திரி யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. பின்னே எப்படி?

"சொன்னேன்ல?" என்றார் பின்னாலிருந்து அப்பா.

வாதத்தில் ஜெயித்தவரின் குரலாக அது இல்லை. பயந்தவரின் குரலாக இருந்தது.

போன வாரம் போனில் கேட்ட அதே குரல். "நின்கே, தினமும் காலையில ஹீட்டருக்குத் தண்ணி ரொப்பறேன். மறுநாள் பார்த்தா இல்ல. ஒண்ணு, தண்ணி எங்கயோ போகுது. இல்லேன்னா நான் ரொப்பறதா நினைச்சுக்கிட்டு ரொப்பாமலே இருக்கேன். எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார். அதோடு விட்டாரா? துறைமுகத்துப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்துக்குத் தானே போன் செய்து, தனக்கும் மனைவிக்குமாக ஓர் அறை கேட்டுவிட்டார். இன்று மூன்று மணிக்கு அங்கிருந்து ஹூக்ஸ்மா அம்மாள் வருகிறாள். அப்பா ஓபே கையெழுத்துப் போட்டால் குளிர் முற்றுவதற்குள் குடிபோய்விட வேண்டியதுதான். இந்த வீட்டை விற்றுவிடுவார்கள்.

ஓபே யார்? ஃபிரீஸ்லாந்தின் அந்தச் சின்ன ஊரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியே தலை நரைத்தவர். முதலில் மணி, அப்புறம் தடுப்புக் கட்டை, அப்புறம்தான் பாலம். அந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. வீட்டிலும் அதே கறார்தான். படகு சீசன் முடிந்து பாலத்தின் கடைசி மணி அடிக்கும்வரை ஹீட்டர் போடக் கூடாது என்பது அவர் சட்டம். அதற்கு முன்னால் குளிருகிறது என்று யாராவது முனகினால் இன்னொரு ஸ்வெட்டர் கிடைக்கும். அந்த மனிதர் இப்போது ஒரு முள்ளின் முன்னால் குற்றவாளியாக நிற்கிறார்.

"அப்பா, நீங்க ரொப்பினது நிஜம். நானே முள்ளைப் பார்த்தேன்."

"நீ பார்த்தே சரி. ஆனா ரொப்பினது நேத்தா, முந்தாநேத்தான்னு எனக்கே இப்ப குழப்பமா இருக்கே!"

அவளுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

மார்டன் பத்து மணிக்குச் சைக்கிளில் வந்து இறங்கினான். நின்கேவுக்குத் தம்பி. பக்கத்து ஊரில் பாய்மரத் துணி தைப்பவன். எந்தப் பிரச்சினைக்கும் முதலில் ஒரு கப் காபி, பிறகு ஒரு கிண்டல், கடைசியில்தான் வேலை.

அம்மா சீட்ஸ்கே காபி ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடிவிட்டாள். சீட்ஸ்கே அம்மாள் அதிகம் பேச மாட்டாள். ஒரு வாரமாக முதியோர் இல்லத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா? அதுவும் யாருக்கும் தெரியாது. இந்த ஊர்க்காரர்களிடம் இதுதான் தொல்லை. உயிரே போனாலும் அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு போவார்கள்.

"தண்ணி குறையுதுன்னா எங்கயோ ஒழுகுது. இதுக்கு ஏன் எல்லாரும் சாவு வீட்ல மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றான் மார்டன்.

"ஒழுகினா தரை ஈரமாகும்ல? தேடியாச்சுடா" என்றாள் நின்கே.

"தரைக்குக் கீழ தேடினியா?"

வாசல் மிதியடியைச் சுருட்டி, அதன் கீழிருந்த பலகையைத் தூக்கினான். வீட்டுக்கு அடியில் ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவுக்கு இடைவெளி உண்டு. குழாய்கள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் உள்ளே இறங்கினான். கொஞ்ச நேரம் கால்களும் காலுறைகளும் தெரிந்தன. பிறகு அதுவும் தெரியவில்லை.

ஓபே பலகை விளிம்பில் மண்டியிட்டு, "இடது பக்கம் வளைவுல பாருடா! சமையலறைக்குக் கீழ! அங்கதான் பழைய இணைப்பு!" என்று கத்தினார். அவர் கத்துவதைக் கேட்க நின்கேவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு இணைப்பைக்கூட அவர் மறக்கவில்லையே?

மார்டன் சிலந்தி வலையும் மணலுமாக மேலே வந்தான். தும்மினான். "பாலைவனம்ப்பா. சொட்டு ஈரம் இல்ல."

ஓபேயின் முகம் விழுந்துவிட்டது. ஒழுகிக்கொண்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவர் எவ்வளவு ஆசையாக அந்த ஒழுகலுக்காகக் காத்திருந்தார் என்பது அப்போதுதான் நின்கேவுக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

தம்பியைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள் நின்கே. பாய்லருக்குக் கீழே இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, கோபப்படாதே. அப்பா ரொப்பவே இல்லேன்னா?"

"நேத்து சாயங்காலம் முள் பச்சையில இருந்துச்சு. நான் பார்த்தேன்டா!"

"சரி, பார்த்தே. கண்ணாடி போட்டிருந்தியா?"

"மார்டன்!"

"இல்ல, கேட்டேன். வீட்ல மறதி ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கான்னு தெரிஞ்சுக்கணும்ல?"

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். மணல் உதிர்ந்தது. ஆனால் அந்தக் கிண்டல் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. நிஜமாகவே கண்ணாடி போட்டிருந்தாளா? கார் ஓட்டி வந்தவள், போட்டுத்தானே இருக்க வேண்டும்? ஒரு நிமிடம் தன்னையே நம்ப முடியாமல் நின்றாள். அப்பாவுக்கு ஒரு வாரமாக இப்படித்தான் இருந்திருக்கும்.

"காத்து எடுக்கற சாவி எங்க? ஆணியில காணோமே" என்றான் மார்டன். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் காற்று அடைத்துக்கொண்டால் பக்கவாட்டுத் திருகைத் திறந்து வெளியேற்றுவதற்கான குட்டிப் பித்தளைச் சாவி அது. பிறந்ததிலிருந்து அந்த ஆணியில் பார்த்துப் பழகியது.

"எங்கயாவது இருக்கும். சூப் ஆறுது, வாங்க" என்றாள் சமையலறையிலிருந்து அம்மா.

நின்கே திரும்பும்போது அலமாரிக்கு அடியில் அந்தச் சிவப்பு வாளி கண்ணில் பட்டது. விளிம்பு வரை, குளிர்காலத்துக்காகத் தோட்டத்திலிருந்து எடுத்து வைத்த டேலியா பூச்செடிக் கிழங்குகள், மண்ணோடு.

அந்த வாளிதான் சின்ன வயதில் அவள் உத்தியோகம். ஒவ்வொரு வருடமும் ஹீட்டர் போடும் நாளில் அப்பா ஹோஸின் ஒரு முனையைக் குழாயில் மாட்டுவார். மறுமுனையை வாளிக்குள் பிடித்துக்கொண்டு அவள் மண்டியிட்டிருப்பாள். குழாயைத் திறந்ததும் ஹோஸுக்குள் இருக்கிற காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும். குமிழி நின்றதும் "காத்து காலி!" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் ஹோஸைப் பாய்லரில் மாட்டுவார். தண்ணீர் இல்லாத ஹோஸை நேராக மாட்டினால் அதிலிருக்கும் காற்று அத்தனையும் வீட்டுக்குள் போய்விடும், மாடி ரேடியேட்டர் எல்லாம் கொடகொடவென்று கத்தும் என்பார். 'முதல்ல மணி, முதல்ல வாளி' என்று அவளைச் சொல்லவைப்பார். மார்டனுக்கு டார்ச் பிடிக்கிற வேலைதான். அதற்காக அவன் அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

பட்டாணி சூப் கெட்டியாக, கரண்டி நிற்கிற பதத்தில் இருந்தது. கறுப்பு ரொட்டியின்மேல் பன்றிக் கொழுப்புத் துண்டு. ஓபே தொடவில்லை.

"ஹூக்ஸ்மா அம்மாவுக்கு ஆப்பிள் கேக் வாங்கணும்" என்றார். "வந்தவங்களுக்கு வெறும் பிஸ்கட் குடுக்க முடியாது."

"அப்பா, கையெழுத்து இன்னிக்கே போடணும்னு என்ன இருக்கு? ஒரு மெக்கானிக் வந்து பார்த்துட்டுப் போகட்டுமே!" என்றாள் நின்கே.

"மெக்கானிக் பாய்லரைப் பார்ப்பான். என்னைப் பார்ப்பானா?" அவர் கரண்டியை நேராக வைத்தார். "பாலத்துல ஒரு தடவை தப்பினாலும் ஆள் செத்துடும் நின்கே. அதனால நான் எனக்கே ஒரு சட்டம் வெச்சிருந்தேன். என் மேல எனக்கே சந்தேகம் வந்தா அன்னிக்கு இறங்கிடணும்னு. இப்ப வந்துடுச்சு. அவ்வளவுதான்."

நின்கே அம்மாவைப் பார்த்தாள். அம்மா சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்டன் கேக் வாங்கப் போனான். நின்கே மாடிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று தெரியாமல்தான் போனாள். சும்மா ஒவ்வொரு ரேடியேட்டராகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் அடியிலிருந்து உச்சி வரை ஒரே சூடு. எதிலும் சத்தம் இல்லை.

அதுதான் இடித்தது. தினமும் தண்ணீர் குறைந்து தினமும் ரொப்புகிற வீட்டில் ஏதாவது ஒரு ரேடியேட்டராவது கொடகொடக்க வேண்டாமா? இது ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருக்கிறதே?

மார்டனின் பழைய அறையில் இப்போது இஸ்திரி பலகை நிற்கிறது. அந்த ரேடியேட்டரின் திருகைத் தொட்டாள். விரலில் ஈரம். இஸ்திரி பலகைக்குக் கீழே, மடித்த துண்டின்மேல், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று. புட்டிங் செய்கிற கிண்ணம். அதன் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். முகர்ந்து பார்த்தாள். இரும்பும் பழசுமாக ஒரு வாடை. ரேடியேட்டர் தண்ணீர்.

படியேறும் சத்தம் கேட்டது. வாசலில் அம்மா.

"அம்மா, இது என்ன?"

"கிண்ணம்."

"கிண்ணம்னு தெரியுது. இதுல என்ன பண்றே?"

அம்மா கம்பளிச் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. எடுத்து நீட்டினாள். பித்தளைச் சாவி.

நேற்று ராத்திரி அப்பாவும் நின்கேவும் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தபோது, 'உனக்குப் படுக்கை விரிச்சுட்டு வரேன்' என்று மேலே போனவள் வெகுநேரம் வரவில்லை. பாலத்துக்காரர் வானிலை அறிக்கையை ஒரு நாளும் தவறவிட மாட்டார். அந்த நேரத்தில் மாடியில் எது நடந்தாலும் அவருக்குக் கேட்காது.

"தினமுமா?"

"தினமும்தான்." அம்மா கதவைச் சாத்தினாள். "ஹீட்டர் போட்ட அன்னிக்குப் பார்த்தேன். உங்கப்பா ஹோஸை எடுத்தார். குழாய்ல மாட்டினார். மறுமுனையை நேரா பாய்லர்ல மாட்டித் திறந்துட்டார். வாளியே எடுக்கல."

"அவசரத்துல மறந்திருப்பார்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். சாயங்காலம் இந்த ரூம் கத்த ஆரம்பிச்சுது. அவர் காதுல விழுந்தா தெரிஞ்சுடும்ல? ஹோஸ் வழியா காத்து போயிருக்குன்னு. ஏன் போச்சுன்னு உட்கார்ந்து யோசிப்பார். அந்த முகத்தை என்னால பார்க்க முடியாது. அதான் சத்தம் வராம எடுத்து விட்டேன். மறுநாள் காலையிலயும் வாளி எடுக்கல. அதுக்கு அடுத்த நாளும். அப்புறம் அந்த வாளியில கிழங்கைப் போட்டு வெச்சுட்டேன். அது சும்மா உட்கார்ந்திருக்கறதைப் பார்க்க சகிக்கல."

நின்கேவுக்கு மெதுவாகப் புரிந்தது. அப்பா காலையில் தண்ணீரோடு காற்றையும் அனுப்புகிறார். அம்மா மாலையில் காற்றோடு தண்ணீரையும் எடுக்கிறாள்.

"அம்மா, நீ எடுக்கறப்ப தண்ணியும் வருதுல்ல?"

"வரும். சுத்தமா சீறல் நின்னு தண்ணி ஒழுங்கா வர வரைக்கும் விடணும்ல? ஒரு கிண்ணம் வரும்."

"அந்தக் கிண்ணம்தான்மா முள். தண்ணி எங்கயும் ஒழுகல. நீ எடுக்கறே, அவர் மறுபடி ரொப்பறார். ரொப்பறப்ப மறுபடி காத்து போகுது, நீ மறுபடி எடுக்கறே!"

அம்மா இஸ்திரி பலகையைப் பிடித்துக்கொண்டாள். "முள்ளை நான் பார்க்கறதே இல்ல. அது அவர் இலாகா."

"அப்பா தனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நினைக்கறதே அந்த முள்ளாலதான்."

"என்னாலயா?" என்றாள் சீட்ஸ்கே அம்மாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் அவரைக் காப்பாத்தறேன்னு நினைச்சேனே நின்கே!"

அம்மா அழுது நின்கே பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோபமும் கொஞ்சம் வந்தது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்து எழுகிறார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதாதா?

"சொல்லிடலாம்மா. அப்பா பைத்தியம் இல்ல, தண்ணி போனது நிஜம்னு இப்பவே போய்ச் சொல்லலாம்."

"நான் ஏன் எடுத்தேன்னு கேட்பாரே?"

நின்கே கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முள்ளைப் பற்றிச் சொன்னால் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னால் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் வாளிதான் வந்து நின்றது.

ஆனால் பழக்கம் விட்டுப்போயிருக்கலாம் இல்லையா? தனியாகச் செய்கிறார், வாளி பிடிக்க ஆள் இல்லை, அதனால் தாவிவிட்டிருக்கலாம். பக்கத்தில் அவள் நின்றால் தானாக நினைவு வந்துவிடும். வந்துவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். ஹூக்ஸ்மா அம்மாளுக்குக் கேக்கைக் கொடுத்து அனுப்பிவிடலாம். நின்கே அந்த நம்பிக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினாள்.

அப்பா பாய்லருக்கு முன்னால் நின்றிருந்தார். ஹூக்ஸ்மா அம்மாளுக்காக வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார். கையில் ஹோஸ்.

"அவங்க வர்றப்ப வீடு சில்லுன்னு இருக்கக் கூடாது. கடைசியா ஒரு தடவை ரொப்பிடறேன்" என்றார்.

"நானும் கூட நிக்கறேன்ப்பா. பழைய மாதிரி."

அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறார். "வா வா. மார்டன் இல்லையே, டார்ச் யாரு பிடிக்கறது?"

பார்த்தீர்களா, டார்ச்கூட நினைவிருக்கிறது! அவர் ஹோஸின் ஒரு முனையைக் குழாயில் திருகினார். எத்தனை சுத்தமான கை! ஒரு நடுக்கம் இல்லை. மறுமுனையை எடுத்தார். அதைப் பாய்லருக்குக் கொண்டுபோனார்.

"அப்பா."

"ம்?"

"வாளி?"

அவர் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரிக்கு அடியில் பார்த்தார்.

"அதுல கிழங்கு இருக்கே" என்றார். பிறகு, ரொம்பவும் மரியாதையாக, தெரியாத ஊரில் வழி கேட்பதுபோல் கேட்டார். "வாளி எதுக்கும்மா?"

முதல்ல மணி, முதல்ல வாளி என்று சொல்ல வேண்டியதுதான். அவள் ஆறு வயதில் கற்றுக்கொண்ட பாடம்தான். அவள் வாளியின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முகம் கழுவியிருந்தாள். குனிந்து, கிழங்குகளைத் தரையில் கொட்டினாள். காலி வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

"தரை நனையக் கூடாதுன்னுதான் ஓபே. இப்பதானே துடைச்சேன்" என்றாள் காது மடலைத் தடவிக்கொண்டே.

வாசல் மணி அடித்தது. அம்மா போய்க் கதவைத் திறந்தாள். நடையில் யாரோ கோட்டைக் கழற்றும் சத்தம். "அடடா, வீடு எவ்வளவு கதகதப்பா இருக்கு!" என்றது ஒரு கலகலப்பான குரல்.

ஓபே அசையவில்லை. ஒரு கையில் ஹோஸ் முனையைப் பிடித்தபடி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் குனிந்து, நடையில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"நின்கே, உங்கம்மா பொய் சொல்றா. பொய் சொன்னா காதைத் தொடுவா, கல்யாணத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அது மறக்கல." அவர் ஹோஸை அவள் கையில் கொடுத்தார். "எதை மறைக்கறான்னுதான் தெரியல. நீ சொல்லு. அதைக் கேட்டுட்டுத்தான் நான் போய்க் கையெழுத்துப் போடுவேன்."